நாய் இளைக்க வேண்டுமா? முதலில் ஆச்சியிடம் ஒரு டப்பாவைக் கொடுங்கள்

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில், ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம், சபரிமலை, சென்னையில் மகன் வீடு, அமெரிக்காவில் மகள் பிரசவம் என்று ஆளுக்கு ஒரு காரணம். நாயோடு கூடவே ஒரு கட்டைப்பையும் வந்து இறங்கும். அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தாலே போதும், நாய் ஏன் அப்படி உருண்டு போயிருக்கிறது என்று விளங்கிவிடும்.

டைகர் என்ற லேப்ரடாரோடு வந்த பையில் நாய்த்தீனிப் பாக்கெட், அதற்கு மேல் மேரி பிஸ்கட், ரஸ்க், ஒரு சின்ன டப்பாவில் நெய், அப்புறம் ஒரு தாள். "ராத்திரி சப்பாத்தியில் நெய் தடவிக் கொடுக்கவும். இல்லாவிட்டால் தூங்க மாட்டான்." வயது ஆறு, எடை 41 கிலோ. அவன் எலும்புக் கூட்டுக்கு 30 கிலோ இருந்தால் சரி. வாசல் படி ஏறி முடிப்பதற்குள் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டான். மகள் பிரசவம் முடிந்து வீட்டுக்காரர்கள் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். "எக்கா, முடிஞ்சா கொஞ்சம் இளைக்க வைங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்கள். இப்படி வருகிற நாய்களுக்கு நான் என்ன செய்கிறேன் என்பதை டைகரை வைத்தே சொல்கிறேன். எல்லாம் நம் ஊர்க் கடையில் கிடைக்கிற சாமான்தான்.

கண்ணை நம்பாதீர்கள், கையால் தடவுங்கள்

"எங்க நாய் குண்டெல்லாம் இல்ல, முடி ஜாஸ்தி" என்று சொல்லாத வீடு கிடையாது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் கையால் பாருங்கள். முதலில் உங்கள் கையையே தடவிப் பழகுங்கள். கையை விரித்து வைத்துக்கொண்டு, புறங்கையில் விரல் எலும்புகள் மேல் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்படும். நாயின் விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. முஷ்டி மடக்கினால் முட்டி எலும்பு துருத்துமே, விலா அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் விரல்களுக்குக் கீழே தடவிப் பாருங்கள். எலும்பை அழுத்தித் தேட வேண்டும். விலா அப்படி இருந்தால் அது கொழுப்பு.

அப்புறம் நாயை நிற்க வைத்து மேலே இருந்து பாருங்கள், விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்ளே போக வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலே ஏற வேண்டும். மருத்துவர்கள் இதை ஒன்பது படியாகப் பிரித்து மார்க் போடுவார்கள். 4, 5 என்றால் நல்ல உடம்பு. 5க்கு மேல் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய பத்து சதவீதக் கூடுதல் எடை. டைகர் 9.

நம் பக்கத்து நாய்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடி முயல் பிடிப்பதற்கென்றே வளர்ந்த சாதி. கோவில்பட்டிப் பக்கம் போனால் விலா எலும்பு ஒன்றிரண்டு வெளியே தெரியத்தான் நிற்கும். அதைப் பார்த்து "சோறு போடலியா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதை லேப்ரடார் மாதிரி ஆக்கி வைத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எடை பார்க்க வீட்டு எடை மெஷின் போதும். நாயைத் தூக்கிக்கொண்டு நின்று பாருங்கள், பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். 41 கிலோவைத் தூக்க என் இடுப்பு ஒத்துக்கொள்ளாது. டைகரைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினேன், கடைக்காரர் "என்ன விலைக்குக்கா?" என்று கேட்டார். எந்தத் தராசாக இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் அதே தராசு, அதே நேரம், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால்.

எதையும் தொடங்குமுன் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நமக்குத் தூரம் ஒரு சாக்கு இல்லை. தைராய்டு குறைந்தாலும் நாய் தடிக்கும். அரிப்புக்கென்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாலும் அகோரப் பசி எடுக்கும். முதுகும் விலாவும் வற்றியிருக்க வயிறு மட்டும் திடீரென்று உப்பினால் அது கொழுப்பே இல்லை. நீர் கோத்திருக்கலாம், கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு உணவுத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஓட வேண்டும்.

கருத்தடை செய்தால் நாய் குண்டாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான தீனி குறைகிறது, பசி கூடுகிறது, அவ்வளவுதான். தட்டை அன்றிலிருந்தே குறைத்தால் ஒன்றும் ஆகாது.

ஒரு வாரத்துக்குக் கணக்கு எழுதுங்கள்

குறைக்கத் தொடங்குமுன் இப்போது என்ன போகிறது என்று தெரிய வேண்டும். அடுப்படியில் ஒரு தாளை ஒட்டி, யார் என்ன கொடுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதி மறைந்துவிடும். டைகர் வீட்டில் போனில் கேட்டுக் கேட்டு நான் எழுதியது இது: காலையில் பால் ஒரு டம்ளர், அதில் பிஸ்கட். எட்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடும்போது இட்லி. மதியம் கறித் தண்ணீர் ஊற்றிய சோறு. நாலு மணிக்கு டீயோடு ரஸ்க், சில நாள் காரச்சேவு. ராத்திரி தீனி, அதற்கு மேல் அந்த நெய்ச் சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை பரோட்டா, சால்னாவோடு.

சால்னா விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வேக வைத்தாலும் அரைத்தாலும் அந்தக் குணம் போகாது. எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒல்லி நாய்க்கும் கூடாது. திராட்சையும் கிஸ்மிஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் பாயசம், கேசரி, கிறிஸ்துமஸ் கேக் எல்லாம் தள்ளி வையுங்கள். சாக்லேட் வேண்டாம். சர்க்கரை நோய்க்காரர்கள் வீட்டில் இருக்கும் இனிப்புகளில், சர்க்கரைக்குப் பதில் போடும் சைலிட்டால் சேர்ந்தது நாய்க்கு விஷம். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

இப்போது கலோரி. உத்தேசமாகத் தெரிந்தால் போதும். வீட்டு இட்லி ஒன்று 50. வெந்த சோறு 100 கிராம் 130. அவித்த முட்டை 75. கொழுப்பு எடுக்காத பால் ஒரு டம்ளர் 175 வரை. நெய் ஒரு டீஸ்பூன் 45. மேரி பிஸ்கட் ஒன்று 20க்கு மேல். பரோட்டா அளவைப் பொறுத்து 200, 300. உலர் தீனி 100 கிராமுக்கு 350 சுற்றி. பாக்கெட்டின் பின்னால் போட்டிருக்கும். நமக்குப் பெரிதாகத் தெரியாத இந்த எண்கள் நாய்க்கு எவ்வளவு என்பதுதான் விஷயம். 8 கிலோ இருக்க வேண்டிய பக் நாய்க்கு இளைக்கும்போது ஒரு நாளைக்கு 330 கலோரிதான் அனுமதி. அதில் ஒரு இட்லி ஏழில் ஒரு பங்கு.

எவ்வளவு கொடுக்கலாம்

போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். நாய் இருக்க வேண்டிய எடையை (இப்போதுள்ள எடையை அல்ல) மூன்று தடவை பெருக்குங்கள். டைகருக்கு 30 × 30 × 30 = 27,000. வர்க்கமூலக் குறியை இரண்டு தடவை தட்டுங்கள்: 164, அப்புறம் 12.8. அதை 70ஆல் பெருக்கினால் 897. ஆக ஒரு நாளைக்கு 900 கலோரி. சும்மா படுத்திருந்தாலே ஒரு 30 கிலோ நாய்க்கு இவ்வளவு வேண்டும். இளைக்கும் நாய்க்கு இந்த அளவில் தொடங்குவதுதான் வழக்கம். டைகர் வீட்டில் எழுதிய தாளைக் கூட்டினால் இதைப்போல் இரண்டு மடங்கு வந்தது, பரோட்டாவைச் சேர்க்காமலே.

வாரத்துக்கு உடம்பு எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறைந்தால் போதும். 41 கிலோ நாய்க்கு 400 முதல் 800 கிராம். அதைவிட வேகமாகக் கரைந்தால் கொழுப்போடு சதையும் போகிறது என்று பொருள், தீனியைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் முள் அசையவே இல்லை என்றால் பத்து சதவீதம் குறையுங்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை விரதம் நாம் இருந்துகொள்ளலாம்.

இன்னொன்று, வழக்கமான தீனியையே பாதியாக்கினால் கலோரியோடு புரதமும் தாது உப்புகளும் பாதியாகிவிடும். அதனால்தான் எடை குறைக்கவென்று தனித் தீனி விற்கிறார்கள். புரதமும் நார்ச்சத்தும் கூடுதல், கலோரி 100 கிராமுக்கு 300 அளவில். விலை கூடத்தான். மருத்துவர் சொல்லும் ஒன்றைப் பாதிக்கு வாங்கி, மீதிப் பாதியை வீட்டில் சமைப்பது என் வழக்கம். டைகரின் தட்டு இப்படி: அந்தத் தீனி 150 கிராம், வெந்த சோறு 100 கிராம், தோலும் எலும்பும் எடுத்து அவித்த கோழிக்கறி 120 கிராம், காய் கால் கிலோ. எல்லாம் சேர்ந்து 840 வரும். மீதி 60 எதற்கு என்று பிறகு சொல்கிறேன். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமினும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கறியும் சோறும் மட்டும் போட்டால் அது தானாக வராது.

டம்ளரால் அளக்காதீர்கள். ஒரே டம்ளரை நான் அள்ளினால் ஒரு அளவு, என் மகன் அள்ளினால் கூம்பாக இன்னொரு அளவு. பலசரக்கு நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாள் தீனியையும் ஏழு டப்பாவில் நிறுத்துப் போட்டு வைத்துவிட்டால் வாரம் முழுக்க யார் எடுத்துப் போட்டாலும் ஒன்றுதான்.

காய் என்றால் வயிறு நிறையக் கொடுக்கலாம் என்பதால்தான் அதை இவ்வளவு சேர்ப்பது. மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையில் போனால் தடியங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், பீன்ஸ், மஞ்சள் பூசணி, கேரட் எது மலிவோ அதை வாங்கி வருவேன். சுரைக்காயில் ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கசந்தால் குப்பைக்குத்தான், அது மனிதருக்கும் நாய்க்கும் ஆகாது. உப்பில்லாமல், எண்ணெய் தாளிக்காமல் வேக வைத்து மசித்துத் தீனியோடு பிசைய வேண்டும். மசிக்காவிட்டால் லேப்ரடார் கறியை மட்டும் நக்கி எடுத்துவிட்டுக் காயைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைக்கும், பார்க்க வேண்டிய காட்சி அது. நமக்குச் செய்த பொரியலில் இருந்து எடுத்துப் போடலாமா என்றால், நம் ஊரில் தேங்காய் போடாத பொரியல் எங்கே இருக்கிறது? சொதி, கூட்டு, அவியல் எல்லாமே தேங்காய்தான். 100 கிராம் தேங்காய் 350 கலோரி. நாயின் காயைத் தனியாக வேக வையுங்கள்.

கோழிக்கடையில் நாய்க்கென்று கேட்டால் கழுத்து, தோல், கொழுப்பு எல்லாம் சேர்த்து ஒரு கவரில் மலிவாகக் கட்டித் தருவார்கள். குண்டு நாய் உள்ள வீட்டில் அந்தக் கவர் நுழையக் கூடாது. தோல் முழுக்கக் கொழுப்பு. கறி அவித்த தண்ணீரையும் அப்படியே ஊற்றாமல் ஃபிரிட்ஜில் வைத்து, மேலே உறைகிற வெள்ளை ஏட்டை எடுத்துப் போட்டுவிட்டு ஊற்றினால் வாசம் இருக்கும், கொழுப்பு இருக்காது. காயை நாய் சாப்பிட வைக்க இந்தத் தண்ணீர் இரண்டு கரண்டி போதும்.

"அரிசியை நிறுத்திட்டு கேப்பைக் கூழ் குடுக்கேன், ஆனா இளைக்க மாட்டேங்கு" என்று அடிக்கடி கேட்கிறேன். எப்படி இளைக்கும்? கேப்பை மாவும் அரிசியும் கோதுமையும் எடைக்கு எடை ஏறக்குறைய ஒரே கலோரிதான். தானியத்தை மாற்றிப் பயனில்லை, அளவைக் குறைக்க வேண்டும். பாலுக்குப் பதில் நீர் மோர் கொஞ்சம் ஊற்றலாம், உப்பும் தாளிசமும் இல்லாமல்.

ஆச்சி விவகாரம்

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். குண்டு நாய் உள்ள எந்த வீட்டிலும், தட்டில் போடுகிறவர் ஒருவர், தட்டுக்கு வெளியே போடுகிறவர் இன்னொருவர். எங்கள் வீட்டில் அது என் மாமியார். 80 தாண்டியவர், தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆச்சி. காலையில் முன்கட்டு நாற்காலியில் தட்டோடு உட்காருவார். நாய் அவர் காலடியில் போய் உட்காரும். பேப்பரைப் பார்ப்பதுபோல் இருக்கும் அவர் கை தட்டில் இருந்து ஒரு விள்ளல் இட்லியோடு மெதுவாக நாற்காலிக்குக் கீழே இறங்கும். சத்தமே கேட்காது. கை மேலே வரும்போது விரல் நக்கிச் சுத்தமாக இருக்கும்.

"அத்தை, அதுக்குக் காலைச் சாப்பாடு ஆயிட்டு."

"ஏட்டி, அது பாத்துக்கிட்டே நிக்கு. வாயில்லாச் சீவனுக்குக் குடுக்காம நாம எப்படித் திங்க?"

இதற்கு வாதாடிப் பிரயோஜனம் இல்லை. கொடுக்காதீர்கள் என்று சொன்னால் ஒளித்துக் கொடுப்பார்கள், ஒளித்துக் கொடுப்பது கணக்கில் வராது. அதனால் அந்த 60 கலோரியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா. காலையில் அதில் வெள்ளரிப் பிஞ்சுத் துண்டுகள், அவித்த கேரட், உப்பில்லாத பொரி ஒரு பிடி, கறித் துணுக்கு நாலைந்து. "அத்தை, இது இன்னைக்கு டைகருக்கு. எப்ப வேணாலும் குடுங்க. தீந்தா தீந்தது." முதல் நாள் பத்து மணிக்கே காலி. சில நாளில் அவரே எண்ணி எண்ணி மாலைக்கு மிச்சம் பிடிக்க ஆரம்பித்தார். நான் ஒரு துண்டு எடுத்தால், "அது நாய்க்குள்ள பங்கு" என்று என்னிடமே சண்டை. ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படித் தின்பண்டமாகப் போகக் கூடாது என்பது பொது விதி. டப்பாவின் அளவே அதைப் பார்த்துக்கொள்ளும்.

"பாவம், பசிக்கும்" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாக வைத்து, ஒன்றுக்கு இன்னொன்றைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் தள்ளித்தான் வந்தது. இதை என் மாமியாரிடம் சொன்னபோது, "அப்ப ரெண்டு வருசம் கூட இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

லேப்ரடார்காரர்களுக்கு ஒரு ஆறுதல். உங்கள் நாய் எப்போதும் பட்டினி கிடந்த மாதிரி பார்ப்பது முழுக்க நடிப்பு அல்ல. பசியை அடக்கும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இது உண்டு. இந்த நாய்களுக்குச் சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பசி கூடுதல், சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியும் குறைவு என்று 2024இல் அதே குழு சொன்னது. ஆகவே அது கேட்கத்தான் செய்யும். கேட்பதால் கொடுக்க வேண்டும் என்று இல்லை.

பசியைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, அதே அளவை இரண்டு வேளைக்குப் பதில் மூன்றாகப் பிரிப்பது. இன்னொன்று, தேடித் தின்ன வைப்பது. 41 கிலோ டைகர் ஒரு தட்டுத் தீனியை முடிக்க எடுத்த நேரம் நான் திரும்பி அடுப்பைப் பார்ப்பதற்குள். அதனால் உலர் தீனியைத் தட்டில் போடுவதே இல்லை. மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு சிரட்டைகளைக் கவிழ்த்து, சிலவற்றுக்கு அடியில் மட்டும் நாலைந்து தீனி உருண்டைகள் வைப்பேன். மூக்கால் முட்டிப் புரட்டிப் புரட்டிக் கால் மணி நேரம் சுற்றி வருவான். சிரட்டையைக் கடித்து நொறுக்குகிற நாய்க்கு இது வேண்டாம். அதற்குப் பழைய சாக்கின் மடிப்புகளில் தூவி விடுங்கள்.

நடை

நடந்தால் மட்டும் இளைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். 40 கிலோ நாய் ஒரு கிலோமீட்டர் நடந்து கரைப்பது ஏறக்குறைய ஒரு இட்லி. எடை குறைவது தட்டில். நடை எதற்கென்றால் சதை வற்றாமல் இருக்க, மூட்டு இறுகாமல் இருக்க, வீட்டில் சும்மா கிடந்து அடுப்படியையே பார்த்துக்கொண்டிருக்காமல் இருக்க.

முதல் வாரம் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம், சமதரையில். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி அரைமணி, முக்கால் மணிக்குக் கொண்டு வாருங்கள். நடந்து வந்த பிறகு எழுந்திருக்க யோசித்தாலோ, மறுநாள் நொண்டினாலோ கூட்ட வேண்டாம். கழுத்துப் பட்டையை விட மார்புப் பட்டை நல்லது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்குக் கட்டாயம். டிவிஎஸ் 50இல் உட்கார்ந்துகொண்டு நாயைப் பின்னால் ஓட விடுகிறவர்களைக் காலையில் பார்க்கிறேன். குண்டு நாய்க்கு அது இதயத்துக்கும் மூட்டுக்கும் கேடு; வண்டியில் போகிறவருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

நம் ஊரில் நேரம்தான் முக்கியம். பங்குனி முதல் ஆவணி வரை காலை ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் வெயில் தாழ்ந்தாலும் தார் ரோடு தாழாது. புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள், முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் முடியாது. சாரல் அடிக்கிற மாதங்களில் தென்காசிக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, கொடுத்து வைத்தவர்கள். கொழுப்பு கூடிய நாய்க்கு உடம்புச் சூடு சுலபத்தில் இறங்காது. மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் கட்டியாக ஒழுகி, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

தெருநாய்கள் பெரிய தலைவலி. பெருமாள்புரத்தில் ஒவ்வொரு முக்குக்கும் ஒரு கூட்டம், அதற்கு ஒரு எல்லை. தினமும் ஒரே பாதை, ஒரே நேரம் போனால் கொஞ்ச நாளில் அதுகளுக்குப் பழகிவிடும். கையில் ஒரு குடை வைத்துக்கொள்ளுங்கள், அடிப்பதற்கு இல்லை. முன்னால் விரித்தாலே பின்வாங்கும்.

மூட்டுவலி உள்ள நாய்க்குத் தண்ணீரில் நடப்பது அருமையான பயிற்சி. எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், கால் மட்டும் வேலை செய்யும். தாமிரபரணி ஓடுகிற ஊரில் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஆனால் டவுனை ஒட்டிய பகுதியிலும் பாளையங்கால்வாயிலும் சாக்கடை கலக்கிறது; சேரன்மகாதேவிப் பக்கம் மேலே போய், மணலும் ஓட்டமும் உள்ள ஆழமில்லாத இடமாகப் பாருங்கள். நீளக் கயிறு கட்டி, தண்ணீர் நாயின் நெஞ்சுவரை வரும் இடத்தில் கூடவே நடங்கள். முதலில் ஐந்து நிமிடம் போதும். எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம், வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது.

வீட்டுக்குள் டைல்ஸ் தரை வழுக்கினால் குண்டு நாய் எழுந்து நடக்கவே பயப்படும். படுக்கிற இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை சாக்கு விரித்து வையுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அதுவே வழுக்கும்.

முள் நின்றுவிட்டால்

டைகர் முதல் இரண்டு வாரம் நன்றாக இறங்கினான், அப்புறம் தராசு ஒரே இடத்தில் நின்றது. தீனியைக் குறைக்க நினைத்தபோதுதான் மாடிப்படிக்கு அடியில் மீன் முள் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே இருந்து சாளைத் தலைகளைப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு பிடி பொரி கொடுத்து, "இதை மட்டும் போடு" என்று ஒப்பந்தம் செய்தேன். உங்கள் வீட்டிலும் எடை நின்றால், தட்டைக் குறைக்குமுன் சுவருக்கு அந்தப் பக்கம், பால்காரர், வேலை செய்ய வருகிற அக்கா, தின்னாமல் மிச்சம் வைக்கிற பூனை என்று ஒரு சுற்று விசாரியுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தும் நின்றால்தான் பத்து சதவீதம் குறைப்பது.

வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தபோது 35 கிலோவுக்குச் சற்று மேலே இருந்தான். 30க்கு இன்னும் தூரம் இருக்கிறது. படி ஏறும்போது உட்காரவில்லை. கட்டைப்பையில் தராசையும் ஏழு டப்பாவையும் போட்டுக் கொடுத்தேன், நெய் டப்பாவை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். குறிப்பெடுத்துக்கொள்ளச் சொன்னது இவ்வளவுதான்: 30 வரும் வரை இதே அளவு. வந்த பிறகு ஒரேயடியாகப் பழைய தட்டுக்குப் போகக் கூடாது. பத்து சதவீதம் கூட்டி இரண்டு வாரம் பார்த்து, எடை ஏறாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரு தடவை இளைத்த நாய்க்கு, எப்போதும் ஒல்லியாக இருந்த நாயைவிடக் கம்மியாகத்தான் வேண்டியிருக்கும். அதற்கப்புறமும் மாதம் இரண்டு தடவை தராசு. அரைக் கிலோ ஏறினாலே பழைய தாளை அடுப்படியில் மறுபடி ஒட்டிவிட வேண்டும்.

"சப்பாத்தி இல்லாம ராத்திரி தூங்குனானாக்கா?" என்று அந்தம்மா கேட்டார். குறட்டை விட்டுத் தூங்கினான் என்றேன்.